மிஸ் பிராக்கெட்டின் மகள்

நியூயார்க்
1859 மார்ச் 2

அன்புள்ள துருசில்லா அக்காவுக்கு,

உன் முழங்கால் வலி இந்தக் குளிரில் அதிகமாகாமல் இருக்கிறதா? அத்தானின் தோள் எப்படி இருக்கிறது? இன்னமும் கோடரியைத் தூக்கிக்கொண்டு கப்பல் பட்டறைக்குப் போகிறாரா? எனக்கு ஒரு குறையும் இல்லை. கண் எரிச்சல் மட்டும்தான் விட்டபாடில்லை. போன கோடையில் லாப்ரடோர் கடலில் பனிமலைகளை மணிக்கணக்காக வெறித்து வரைந்ததன் பலன் அது என்கிறார் வைத்தியர்.

அக்கா, என் புத்தகம் வந்துவிட்டது. ‘வடகடலில் ஒரு கோடை’ என்று பெயர். எழுத்தும் என்னுடையது, படங்களும் என்னுடையவை. கப்பல்களின் பின்புறத்தில் தொங்குபலகை கட்டி உட்கார்ந்து பெயர் எழுதிக்கொண்டிருந்த பெண் நான். பத்திரிகைக்காரர்கள் என் வீட்டு வாசலில் சீட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள் என்றால் நம்புவாயா? உனக்குப் பிரதி அனுப்பவேண்டும். பதிப்பாளரிடமிருந்து என் பங்குக்குரியவை இன்னும் கைக்கு வரவில்லை.

அதைவிடப் பெரிய செய்தி, இப்போது எனக்கு இரண்டு அறைகள் இருக்கின்றன. ஒன்றில் வடக்கு வெளிச்சம் வருகிறது. அங்கே படம் வரைவேன். இன்னொன்றில் இரண்டு கட்டில் போடலாம். செலஸ்டாவை அனுப்பி வை. நாலு வயதில் என் பிள்ளையை உன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரே ஒரு குளிர்காலம் என்று சொன்னது ஏழு வருடமாகிவிட்டது. ஆற்றில் பனி உடைந்து முதல் நீராவிப் படகு விட்டதும் அதிலேயே அவள் வரட்டும்.

உள்ளே அவளுக்கும் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். கொடுத்துவிடு.

உன் அன்புத் தங்கை,
ஃபிலீனா

*

ஆல்டர் கோவ், மெய்ன்
1859 ஏப்ரல் 24

அன்புள்ள ஃபிலீனா,

கர்த்தருடைய கிருபையில் இங்கே எல்லாரும் எழுந்து நடமாடுகிறோம். கண்ணைப் பார்த்துக்கொள். சுடுநீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடு.

புத்தகம் வந்தது எங்களுக்கெல்லாம் சந்தோஷம். பக்கத்து வீட்டுப் பிரெபில் அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “உன் தங்கச்சி பொஸ்தகம் போட்டிருக்காளாமே துருசில்லா! அதுல நம்ம ஊரு வருதா? என் பேரு வருதா?” என்று கேட்டுத் துளைக்கிறாள். உன் அத்தான், “வந்திருந்தா இந்நேரம் அவ வேலியைத் தாண்டி வந்திருப்பா” என்று சொல்லிச் சிரித்தார்.

ஆற்றில் பனி பதினேழாம் தேதியே உடைந்துவிட்டது. ஆனால் செலஸ்டாவுக்கு இருமல். சாலையெல்லாம் முழங்கால் சேறு. பள்ளிக்கூடம் ஜூன் வரைக்கும் உண்டு. கணக்கில் அவள்தான் முதல். நடுவில் நிறுத்தினால் ஆசிரியை மிஸ் ஸ்டின்சன் வருத்தப்படுவாள். நல்ல உடுப்பும் இல்லை, போன வருடத்து உடுப்பெல்லாம் குட்டையாகிவிட்டது. என் காது உயரத்துக்கு வளர்ந்திருக்கிறாள். உன்னைப் போலப் படம் வரைவதில் நாட்டமில்லை. அத்தானோடு பட்டறைக்குப் போய்ப் பலகைக்கு அளவு சொல்வதில்தான் உயிர். “பெரியப்பா, இது அரை அங்குலம் கோணல்” என்று அவரையே திருத்துகிறாள்.

ஆகவே இந்த வசந்தத்தில் தோதுப்படாது என்று நினைக்கிறேன்.

உன் அக்கா,
துருசில்லா

*

நியூயார்க்
1859 மே 9

அன்புள்ள அக்கா,

அவள் இருமல் நின்றதா? தேனும் வினிகரும் கலந்து கொடு. நம் அம்மா கொடுப்பாளே, அது போல.

ஜூன் கடைசியில் பள்ளி முடிந்ததும் அனுப்பு, அவசரப்படுத்தவில்லை. உடுப்பு இங்கே தைத்துக்கொள்ளலாம். ஆனால் அவள் வருவதற்கு முன்பு உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். நேரில் சொல்லக்கூடியதாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புத்தகத்தில் என் பெயர் மிஸ் ஃபிலீனா பிராக்கெட் என்று இருக்கிறது. நம் அப்பா வீட்டுப் பெயர். நானாகப் போட்டதில்லை. பதிப்பாளர் கிராண்டல் கையெழுத்துப் படியைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: “இதோ பாருங்கம்மா, கல்யாணமாகாத பொண்ணு ஒருத்தி தனியா மீன்பிடிக் கப்பல்ல ஏறிப் பனிமலை வரைய போனான்னா, ஊரே வாங்கிப் படிக்கும். புருஷன் செத்துப்போன பொம்பளை, பெத்த பிள்ளையை எங்கேயோ விட்டுட்டுப் போனான்னா, யாரு படிப்பாங்க? போதகருங்க பிரசங்கத்துல வெச்சுக் கிழிப்பாங்க.” அவர் சொன்னதில் பொய்யில்லை அக்கா. கடலில் போன என் கணவர் ஏனோக்கு எப்படியும் திரும்பப் போவதில்லை, டன்னிங் என்ற பெயர்தானே என்று இருந்துவிட்டேன்.

இப்போது என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் மிஸ் பிராக்கெட்டைத்தான் பார்க்க வருகிறார்கள். ஆகவே செலஸ்டா இங்கே என் அக்கா மகளாக வரவேண்டியிருக்கும். வெளியார் முன்னால் என்னைச் சித்தி என்று கூப்பிடட்டும். கதவைச் சாத்திவிட்டால் அம்மாதானே. கொஞ்ச காலத்துக்குத்தான். அடுத்த புத்தகம் வந்து என் கால் ஊன்றியதும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவேன். நீ அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லேன். நீ சொன்னால் கேட்பாள்.

ஃபிலீனா

*

ஆல்டர் கோவ்
1859 ஆகஸ்ட் 28

ஃபிலீனாவுக்கு,

நாங்கள் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. வைக்கோல் வெட்டு, பிறகு அவரை பறித்தல், பிறகு பிரெபில் அம்மாளின் மருமகளுக்குப் பிரசவம். பையன். இந்த வருடம் ஆப்பிள் நன்றாகக் காய்த்திருக்கிறது.

உன் மே மாதக் கடிதத்தில் இருந்த விஷயம் எனக்குச் சரியாக விளங்கவில்லை. என் படிப்பு கொஞ்சம்தான் என்பது உனக்குத் தெரியும். அத்தானிடம் படிக்கக் கொடுத்தேன். படித்தார், மடித்தார், பட்டறைக்குப் போய்விட்டார். சாப்பாட்டுக்கு வரவில்லை.

செலஸ்டாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. இருமல் நின்றுவிட்டது.

துருசில்லா

*

ஆல்டர் கோவ்
1859 நவம்பர் 24

அன்புள்ள சித்திக்கு,

செலஸ்டா எழுதுவது. நான் நலம். நீங்களும் நலமாக இருக்கவேண்டும். பெரியம்மாவின் முழங்கால் பரவாயில்லை. இது நானாக எழுதும் கடிதம். பெரியம்மாவுக்குத் தெரியும், ஆனால் படித்துப் பார்க்கவில்லை.

மிஸ் ஸ்டின்சன் பாஸ்டனுக்குப் போனபோது உங்கள் புத்தகத்தை வாங்கி வந்தார். நம் ஊர்ப் பெண் எழுதியது என்று அவருக்குப் பெருமை. அவர் இந்த ஊருக்குப் புதிது, ஆகையால் நான் யாருடைய மகள் என்று அவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வகுப்பில் சத்தமாக வாசித்தார். பனிமலை இரண்டாகப் பிளந்து கவிழ்ந்த இடம் மிகவும் நன்றாக இருந்தது. பையன்கள்கூட அசையாமல் கேட்டார்கள்.

அதற்கடுத்த பக்கத்தில் இப்படி இருந்தது: “எனக்காகக் கரையில் காத்திருக்க யாருமில்லை. அதனால்தான் அலையைக் கண்டு நான் அஞ்சவில்லை.”

அப்போது பக்கத்து வீட்டு ஜாதாம் பிரெபில் முன்வரிசையிலிருந்து திரும்பி, “ஏய் செலஸ்டா, இது உங்கம்மா இல்ல? அப்ப நீ யாரு?” என்று கேட்டான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மிஸ் ஸ்டின்சன், “என்னம்மா இது?” என்றார். “அவன் தெரியாம சொல்றான் மிஸ். எங்க சித்தி அவங்க” என்றேன். பிறகு அவர் மேற்கொண்டு வாசிக்கவில்லை, பூகோளம் எடுத்தார்.

நான் பொய் சொல்லிவிட்டேன் என்று வீட்டில் வந்து பெரியப்பாவிடம் சொன்னேன். அவர், “நீ சொன்னது பொய்யில்ல கண்ணு. அவளே அப்படித்தான் கூப்பிடச் சொல்லி எழுதியிருக்கா” என்றார். நீங்கள் எழுதியது எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே சரியாகச் சொல்லியிருக்கிறேன். ஆகவே எனக்கு அது கஷ்டமாக இருக்காது. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

நியூயார்க்குக்கு நான் வரவில்லை. பட்டறையில் வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
செலஸ்டா டன்னிங்

*

நியூயார்க்
1860 பிப்ரவரி 11

அக்கா,

நீங்கள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

குழந்தையின் கடிதத்துக்கு எத்தனையோ பதில் எழுதிக் கிழித்தேன். அந்த வரியை நான் எழுதியது ஒரே மூச்சில். எழுதிய பிறகு வாய்விட்டுப் படித்துப் பார்த்து, எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று பெருமைப்பட்டேன். அதில் சொன்னது உண்மையா என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அதை நினைத்துத்தான் இப்போது கூசுகிறேன். கப்பலில் நான் பயந்தேன் அக்கா. பனிமலை கவிழ்ந்தபோது பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் பெயரைச் சொல்லித்தான் அலறினேன். கப்பல் தலைவன், “யாரும்மா அந்தச் செலஸ்டா? கன்னி மாதாவா?” என்று கேட்டான். அதை எழுதியிருந்தால் அதுவும் நல்ல வரியாகத்தான் இருந்திருக்கும்.

கிராண்டலிடம் போனேன். அடுத்த அச்சில் திருமதி டன்னிங் என்று போடவேண்டும், அந்த வரியை எடுக்கவேண்டும், எனக்கு ஒரு மகள் உண்டு என்று முன்னுரையில் எழுதுவேன் என்றேன். “பைத்தியமா உங்களுக்கு? வாங்கினவங்க எல்லாம் ஏமாத்திட்டான்னு என் கடையைத்தான் கல்லால அடிப்பாங்க” என்றார். நான் விடவில்லை. கடைசியில், “அப்ப அடுத்த அச்சே கிடையாது. உங்க ரெண்டாவது புஸ்தகத்தையும் வேற யார்கிட்டயாவது கொண்டு போங்க” என்று கதவைத் திறந்து பிடித்தார்.

விஷயம் எப்படியோ வெளியே போய்விட்டது. தன் மகள்கள் இருவரையும் வரையச் சொல்லியிருந்த ஒரு சீமாட்டி, வேலைக்காரி கையில் சீட்டனுப்பி வேண்டாமென்றுவிட்டாள். வசந்தக் கண்காட்சிக்கு என் பனிமலைப் படத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கே தொங்கவிடுவார்களோ தெரியாது. இதை உன் இரக்கத்துக்காக எழுதவில்லை. செய்தேன் என்று அவளுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான். தாமதமாகச் செய்தேன் என்பதும் அவளுக்குத் தெரியட்டும்.

ஃபிலீனா

*

ஆல்டர் கோவ்
1860 மார்ச் 5

என் ஃபிலீக்கு,

உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு. உலர்ந்த ஆப்பிளும் கெட்டிக் காலுறையும் தனியே அனுப்பியிருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். அத்தான், “எதுக்கு அழறே? தப்பு அவமேலதானே” என்றார். அப்போதுதான் அவரிடமும் இதைச் சொன்னேன். உனக்கும் சொல்லவேண்டும்.

செலஸ்டாவுக்கென்று நீ உள்ளே வைத்து அனுப்பிய கடிதங்களில் முதலாவதை மட்டும்தான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். “பனி உருகியதும் வந்துவிடுவேன்” என்று எழுதியிருந்தாய். அந்த வருடம் பனி உருகியதும் அவள் தினம் காலையில் படகுத்துறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அழைத்தாலும் வரமாட்டாள். ஐந்து வயசு. மழையிலும் போனாள். காய்ச்சல் வந்து பதினொரு நாள் படுத்தாள். வைத்தியர் கையை விரித்துவிட்டார். நான் பெற்ற இரண்டும் அதே கட்டிலில்தான் போயின என்பது உனக்குத் தெரியும்.

பிழைத்து எழுந்தாள். அதன் பிறகு வந்த கடிதங்களை அவளுக்குக் காட்டவில்லை. “அம்மா விசாரிச்சிருக்கா” என்று மட்டும் சொல்வேன். அவளுடைய நன்மைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் வருடம் அது உண்மைதான். பிறகு ஒருநாள் மாவு பிசையும்போது, மறந்துபோய் என்னை அம்மா என்று கூப்பிட்டாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கு அன்றெல்லாம் கால் தரையில் பாவவில்லை. அதன் பிறகு மறைத்ததெல்லாம் எனக்காக.

கரையில் யாருமில்லை என்று நீ எழுதினாய். யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டவள் நான்.

எல்லாம் என் துணிப்பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. வருகிற ஞாயிறுக்கு மறு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்ததும் அவளிடம் கொடுத்துவிடப் போகிறேன். என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

துருசில்லா

*

நியூயார்க்
1860 மார்ச் 14

அக்கா, அவசரம்.

உடம்பு விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளை உயிரோடு வைத்திருந்தாய். அதற்குமேல் நான் என்ன கேட்க?

ஆனால் அந்தக் கடிதங்களைக் கொடுக்காதே. அடுப்பில் போட்டுவிடு. அவற்றில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் வசந்தத்தில் வருகிறேன் என்றுதான் எழுதியிருப்பேன். எழுதும்போது ஒவ்வொரு தடவையும் நிஜமாகத்தான் நினைத்தேன். வசந்தம் வந்ததும் கண்காட்சி வந்துவிடும். இந்த வருடம் படத்தைத் தொங்கவிட்டுவிட்டால் அடுத்த வருடம் போகலாம் என்று தோன்றும். பிறகு கோடை, மலைக்கோ கடலுக்கோ வரையப் போய்விடுவேன். பிறகு உங்கள் ஆறு உறைந்துவிடும். தனித்தனியாகப் படித்தால் அவை ஒரு தாயின் கடிதங்கள். அடுக்கிவைத்துப் படித்தால் என்ன என்று எனக்குத் தெரிகிறது. அவளுக்கும் தெரிந்துவிடும்.

கெஞ்சிக் கேட்கிறேன், எரித்துவிடு.

ஃபிலீனா

*

ஆல்டர் கோவ்
1860 மார்ச் 26

ஃபிலீ,

எல்லாரும் இருக்கிறோம்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பனிப்புயலில் தபால் வண்டி நான்கு நாள் வழியில் நின்றுவிட்டதாம். நான் ஞாயிற்றுக்கிழமையே கொடுத்துவிட்டேன்.

கடிதக் கட்டை வாங்கிக்கொண்டு, “இதெல்லாம் எனக்கா?” என்று மட்டும் கேட்டாள். மேலறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். என்னைத் திட்டுவாள் என்று அடுப்படியில் காத்துக்கொண்டிருந்தேன். திட்டவில்லை. ஒரு வாரமாக, “பெரியம்மா, உப்பு” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. நேற்று மாவு பிசைய வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன்.

உனக்கு எழுதுவாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்கு உரிமையில்லை.

துருசில்லா

*

ஆல்டர் கோவ்
1860 ஜூன் 17

இந்தக் கடிதத்தின் மேலே யாருக்கு என்று எழுதவில்லை. மறந்துபோகவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சித்தி என்று எழுதினால் பெரியம்மா அழுகிறாள். இன்னொன்றை எழுத எனக்கு வரவில்லை. அதனால் இடம் விட்டிருக்கிறேன்.

நாங்கள் நலம். பெரியப்பாவின் தோள்தான் முன்போல் தூக்க முடியவில்லை. பட்டறையில் புதுக் கப்பலுக்கு அடிமரம் வைத்திருக்கிறார்கள். அளவுக் குறிப்பேட்டை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். “உங்க கணக்கு தப்பாம இருந்தா உங்ககிட்டயே குடுத்திருப்பேனே” என்று பெரியப்பா சொன்னார்.

நீங்கள் கிராண்டலிடம் போனதைப் பெரியம்மா எனக்குப் படித்துக் காட்டினாள். உங்கள் பனிமலைப் படத்தைக் கண்காட்சியில் கதவுக்கு மேலே இருட்டில் தொங்கவிட்டதாக மிஸ் ஸ்டின்சன் பத்திரிகையில் பார்த்துச் சொன்னார். அவரிடம் இப்போது உண்மையைச் சொல்லிவிட்டேன். ஜாதாம் பிரெபிலிடமும்.

உங்கள் கடிதங்களைப் படித்தேன். பதினைந்து இருந்தன. தேதிப்படி அடுக்கித்தான் படித்தேன். பதினான்கில் வசந்தம் வருகிறது. சிலவற்றில் பனி உருகியதும் என்றும், சிலவற்றில் முதல் படகில் என்றும், ஒன்றில் ஆப்பிள் பூக்கும்போது என்றும் இருக்கிறது. படிக்கப் படிக்கக் கோபம் வந்தது. ஐந்தாவதற்கு மேல் கோபம் இல்லை. நீங்கள் எழுதும்போது நம்பிக்கொண்டுதான் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிந்தது. அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

எனக்கு ஆறு வயதாக இருந்தபோது நீங்கள் எழுதிய ஒன்றில் மட்டும் வசந்தம் இல்லை. வீட்டுக்காரியின் பூனை உங்கள் வண்ணப் பலகைமேல் ஏறி, நீலக் காலோடு மாடிப்படி முழுக்க இறங்கிப்போனதும், நீங்களும் வீட்டுக்காரியும் துடைக்கத் துடைக்க அது திரும்பத் திரும்ப வந்ததும்தான் அதில் இருந்தது. ஓரத்தில் பூனையை வரைந்திருந்தீர்கள். அதைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பெரியம்மா பயந்து மேலே ஓடிவந்தாள். அந்தக் கடிதம் அப்போதே என் கைக்குக் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளிடம் சொன்னேன். அது ஒன்றைத்தான் நான் அவளிடம் சொன்னேன்.

நீங்கள் வர நினைத்தால் வசந்தத்தில் வரவேண்டாம். வருகிறேன் என்று எழுதவும் வேண்டாம். அக்டோபரில் வாருங்கள். நவம்பர் நடுவில்தான் ஆறு உறையும், அதுவரை படகு உண்டு. உங்கள் பதினைந்து கடிதங்களிலும் தேடிப் பார்த்துவிட்டேன். அக்டோபரில் வருவதாக நீங்கள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

செலஸ்டா